உன் மாமாவிடம் வாங்காத ரத்தம்

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நலம் விசாரித்து நாலு வரியில் முடித்துவிடுகிற பதில் அல்ல இது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படி. எனக்கும் இன்று வயலில் வேலை இல்லை. நேற்றுப் பெய்த மழையில் வரப்பெல்லாம் ஊறிக் கிடக்கிறது. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. மறைக்கவும் வேண்டியதில்லை, நான் சொல்லப்போவது அவள் கதைதான்.

நீ பட்டணத்துக்குப் போய், யுத்தத்துக்காகத் தொடங்கிய ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய கடிதங்களை நான் ஊரெல்லாம் வாசித்துக் காட்டினேன். யாரோ ஒருவன் வந்து கையை நீட்டுகிறான். அவன் ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறீர்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ, அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத வேறொருவன் அதனால் எழுந்து உட்காருகிறான். இதைக் கேட்டு வாயைப் பிளக்காத ஆள் அனுமந்தன்பட்டியில் கிடையாது. "ரத்தத்தப் பாட்டில்ல அடைச்சு வச்சா அது செத்துப் போகாதா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். உன்னைத்தான் கேட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஆனால் இந்தத் தடவை நீ எழுதியிருப்பது வேறு மாதிரி இருக்கிறது. பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்தே வந்து சேர்ந்த ஒருவர். துறைமுகத்தில் இரும்புச் சட்டம் விழுந்து அவருடைய தம்பிக்குக் கால் நசுங்கி, ரத்தம் எல்லாம் போய் வார்டில் கிடக்கிறான். அண்ணன் உன்னிடம் வந்து, என் தம்பிக்கு என் ரத்தத்தை எடுத்துக் கொடுங்கள் என்கிறார். வருகிற வழியில் காய்ச்சல் கண்டதா என்று கேட்டாய். கண்டது என்றார். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தாய். மலேரியாக் கிருமி இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டாய். அவர் உன் காலில் விழுந்தார். "தினமும் யாரையாவது திருப்பி அனுப்புகிறேன். எனக்குத் தூக்கமே இல்லை. இந்த வேலை வேண்டாம் அப்பா, ஊருக்கு வந்து உங்களோடு வயலைப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

வயலைப் பார்க்க வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ ஏர் பிடித்த லட்சணம் ஊருக்கே தெரியும், நம் மாடுகளும் அதை மறந்திருக்காது. ஆனால் வருவதற்கு முன்னால் நீ பிறந்த அன்று நடந்ததைத் தெரிந்துகொண்டு வா. உனக்கு அரைகுறையாகத் தெரியும். அத்தை ரத்தம் கொடுத்து அம்மா பிழைத்தாள் என்பது வரைக்கும் தெரியும். மாமா கொடுக்க முன்வந்தபோது, அதை வாங்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உனக்குத் தெரியாது. அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று நாங்கள் யாரும் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தலைப்பிரசவம் என்பதால் உன் அம்மா தேவாரத்தில், அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் இருந்தது வயசான அப்பாவும் அண்ணனும்தான், அதாவது உன் மாமா. மாமாவுக்கு அந்தக் கார்த்திகையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் எடுத்தது விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல்காட்டு ஊரில். கல்யாணமும் பெண் வீட்டிலேயே நடந்தது. நிறைமாதமாக இருந்த உன் அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. புதுப்பெண்ணைத் தேவாரத்துக்கு அழைத்து வந்த மறுநாளே உன் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளைபெறும் வீட்டுக்குள் புதுப்பெண் வரக்கூடாது என்று அவளை வந்த அன்றே பக்கத்தில் சித்தப்பா வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். ஆக, அண்ணன் பெண்டாட்டியின் முகத்தை நாத்தனார் பார்க்கவில்லை, நாத்தனார் முகத்தை அவளும் பார்க்கவில்லை.

நீ விடியற்காலையில் பிறந்தாய். நல்ல குரல் உனக்கு. மாமா வாசலில் நின்று, "தாய்மாமன் ஆயிட்டேன் மாப்ள" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் உள்ளேயிருந்து மருத்துவச்சி என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "நிக்கவே மாட்டேங்குது அய்யா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். விரித்திருந்த துணிகளைப் பார்த்தேன். ஒரு மனுஷிக்குள் அவ்வளவு ரத்தம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நம் பள்ளத்தாக்கில் அப்போது சின்னதாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு புளியமரம், அவ்வளவுதான். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி உன் அம்மாவைப் படுக்க வைத்தோம். கூட ஏறுவதற்கு வீட்டில் பெண்துணை வேண்டுமே. சாஸ்திரம் பார்க்கிற நேரமா அது? புதுப்பெண்ணே வந்து ஏறிக்கொண்டாள். கைவளையல் சத்தம்கூட அடங்காத பெண், முன்பின் பார்த்திராத நாத்தனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். உன் அத்தையை உன் அம்மா முதன்முதலாகச் சந்தித்தது அப்படித்தான், கண்ணைத் திறக்காமல்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டரம்மா. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர், நெடுநெடுவென்று உயரமாக இருப்பார். சிரித்துப் பேச அவருக்கு வராது. உன் அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, "ரத்தப்போக்கு நின்னுடுச்சு" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கும்பிடைக் கவனிக்கவே இல்லை. "நின்னு என்ன செய்ய? உள்ள மிச்சம் ஒண்ணும் இல்ல. நாடி நூலா ஓடுது. வேற ஒருத்தர் ரத்தத்தை ஏத்தினா பொழைப்பா. இல்லேன்னா பொழுது சாயிற வரைக்கும் தாங்க மாட்டா" என்றார்.

வேறொருவர் ரத்தத்தை ஏற்றுவதா? எங்களில் ஒருவரும் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. முந்தின யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அப்படிச் செய்து பிழைக்க வைத்தார்களாம். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் டாக்டரம்மா அந்த முறையைக் கற்றிருந்தார். ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு உயிரை ஊற்ற முடியுமா? சாமி செய்கிற காரியம் அல்லவா அது? பயந்து பின்னால் நகர்ந்தவர்களும் உண்டு. உன் மாமா மட்டும் முன்னால் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எங்கிட்ட எடுங்க தாயி. அவளுக்கும் எனக்கும் ஒரே ஆத்தா அப்பன் ரத்தம்தான ஓடுது. நான் இருக்கையில வேத்து ரத்தம் எதுக்கு?"

டாக்டரம்மா, "காய்ச்சல் வந்திருக்கா?" என்று கேட்டார். "இன்னைக்கு எனக்குக் காச்சல் இல்ல" என்றார் மாமா. அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை, நீ அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துக் குளிர்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது. வருகிற நாளில் ஏழு கம்பளி போட்டாலும் பல் கிட்டிக்கும். மறுநாள் ஒன்றுமே இல்லாததுபோல எழுந்து மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். காய்ச்சல் வரும், போகும், போன நாளில் உடம்பு சுத்தம் என்றுதான் மலையடிவாரத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். மாமாவுக்கு முந்தின நாள்தான் வந்து போயிருந்தது. தபாலாபீசில் விற்கும் கொயினா மருந்துப் பொட்டலத்தில் ஒன்றை வாயில் போட்டு, மேலே ஒரு செம்பு நிலவேம்புக் கஷாயத்தையும் குடித்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு அவர் ரத்தம் தும்பைப்பூ மாதிரி.

டாக்டரம்மா அவரைப் பெஞ்சில் படுக்க வைத்து இடதுபக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். மாமா நெளிந்தார். உள்ளே கட்டி கல்லுப்போல இருந்தது. காய்ச்சல் நாள்பட்டுக் கிடந்தால் மண்ணீரல் வீங்கி அப்படி ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மையை ஊற்றிக் கழுவி, ஜன்னலோரம் இருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது ஆகாது."

"ஏன் ஆகாது? என் ரத்தம் என்ன கெட்ட ரத்தமா?" மாமாவின் குரல் உயர்ந்துவிட்டது. "எங்க வீட்டுப் பொண்ணுக்கு நல்லது பொல்லாதுக்கு நான்தான நிக்கணும்? சீர் செய்ய நானு, காது குத்துனா மடியில வைக்க நானு, சாகக் கிடக்கையில மட்டும் நான் ஆகாதா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இங்க வந்து பாருங்க" என்றார். மாமா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். மகனே, நீ தினமும் பார்த்துச் சலித்துப்போன காட்சிதான் அது. எனக்கோ இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. வெளுத்த சிவப்பில் வட்டம் வட்டமாக எண்ண முடியாத காசுகள். இதுதானா ரத்தம்? காயம்பட்டால் வடிகிற, நாம் சேலையிலும் வேட்டியிலும் துடைத்துப் போடுகிற ரத்தத்துக்குள் இப்படி ஒரு ஊரே வசிக்கிறதா? அந்த வட்டங்களில் சிலவற்றுக்குள் மட்டும் நீலமாக ஒரு சின்ன வளையம், வளையத்தில் ஒரு செம்புள்ளி. கல் வைத்த மோதிரத்தை யாரோ உள்ளே ஒளித்து வைத்தாற்போல இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் சீமையையே உலுக்கியெடுத்துக் குழந்தைகளை வாரிக்கொண்டு போகிற காய்ச்சல் அதுதான் என்றார் டாக்டரம்மா.

"காய்ச்சல் போறதில்ல. விடுற நாள்லயும் உள்ளதான் இருக்கு. உங்க ரத்தம் கெட்ட ரத்தம் இல்லீங்க. அதுல வேண்டாத விருந்தாளி ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனையும் சேர்த்து உங்க தங்கச்சிக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"ஏத்திட்டு அப்புறம் கொயினா குடுத்துக்கலாமே" என்றேன் நான். நியாயமான கேள்விதான் என்று அவர் ஒத்துக்கொண்டார். தெம்புள்ள உடம்பாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாராம். உன் அம்மா இருந்த நிலையில் ஒரே ஒரு குளிர் வந்து ஆட்டினாலும் மூச்சு நின்றுவிடும் என்றார். "வேற யாருமே கிடைக்கலைன்னா கடைசியில இவர் ரத்தத்தைத்தான் எடுத்தாகணும். அதுக்கு முந்தி தேடிப் பார்த்துடுவோம். நேரம் அதிகமில்ல" என்றார். எந்த டாக்டரும் அவ்வளவு நேராக என்னிடம் பேசியதில்லை. முடியாது என்றதையும் சொன்னார், அந்த முடியாது எதுவரைக்கும் என்பதையும் சொன்னார்.

பின்னால் இரண்டு வண்டிகளில் தேவாரத்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் பங்காளிகள், மாமன் மச்சான்கள். உன் அம்மாவுக்கு என்றதும் ஒருவர் பின் ஒருவராகச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஜல்லிக்கட்டில் காளையை அடக்கிய ஆள் இருந்தார், தனியாளாக மலையேறிக் காட்டுப்பன்றியை விரட்டியவர் இருந்தார். டாக்டரம்மா வரிசையாக விலாவை அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொருவர் வயிற்றிலும் கட்டி. எனக்கும் இருந்தது. நான் அதைச் சின்ன வயசிலிருந்து தொட்டுப் பார்த்துப் பழகியவன்தான், எல்லோருக்கும் அங்கே அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் வந்து இருபோகம் விளைகிற பூமி என்று பெருமையடித்துக்கொள்கிறோம். அந்தத் தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் கொசு. சோறு போடுகிற வாய்க்காலே இத்தனை பேர் விலாவுக்குள்ளும் கல்லை வைத்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கம்பவுண்டர் நாகர்கோவில்காரர், அவருக்குக் காய்ச்சல் கண்டதில்லை. டாக்டரம்மாவுக்கும் இல்லை. ஆனால் அவர்கள் ரத்தத்தை உன் அம்மாவின் ரத்தத்தோடு கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தபோது இரண்டுமே பால் திரிவதுபோலத் திரிந்துவிட்டன. அப்படித் திரிந்தால் ஏற்றக்கூடாது, ஏற்றினால் அதுவே கொன்றுவிடும் என்றார். மாமாவின் ரத்தம் மட்டும்தான் திரியாமல் நின்றது.

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா மாமாவைப் பார்த்தார். வேறு வழியில்லை, எடுத்துவிடலாம் என்று அவர் வாயைத் திறக்கப்போவது எனக்குத் தெரிந்தது. அப்போது வராந்தாவின் கோடியில், உன்னை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்த உன் அத்தை பேசினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை.

"எனக்குப் பாக்கலையே" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தனை ஆம்பளைகளின் வயிற்றையும் தடவி முடித்த பிறகுதான் அங்கே ஒரு பெண் நிற்பதே எங்களுக்கு ஞாபகம் வந்தது. டாக்டரம்மா அவளருகே போய், "எந்த ஊரும்மா நீ?" என்றார்.

"விளாத்திகுளத்துக்குக் கெழக்க. கரிசக்காடு."

"அங்க தண்ணி எப்படி?"

"ஒரு ஊருணி இருக்கு. கோடையில அதுவும் கெடையாது."

"காய்ச்சல்?"

"இந்த மாதிரிக் காச்சல நான் கண்டதே இல்ல. இங்கன வந்துதான் கேள்விப்படுதேன்."

"இங்க வந்து எத்தனை நாளாச்சு?"

அவள் வெட்கப்பட்டு மாமாவைப் பார்த்தாள். "முந்தாநேத்து வந்தாக" என்றார் சித்தப்பா. டாக்டரம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. நேற்று ராத்திரியே கொசு கடித்திருந்தாலும் அது ரத்தத்தில் ஏற நாளாகும், இப்போது பயமில்லை என்றார். விலாவை அழுத்தினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், வட்டங்கள் மட்டும் இருந்தன. கலந்து பார்த்தார். திரியவில்லை. தண்ணீரில் கரைத்த குங்குமம்போல ஒரே சீராக நின்றது. தண்ணீர் இல்லாத பூமி என்று பெண் எடுக்கும்போது எங்களில் பாதிப் பேர் இளக்காரமாகப் பேசியிருந்தோம். அந்தக் காய்ந்த பூமிதான் அவள் ரத்தத்தை அப்படி வைத்திருந்தது.

மாமா குறுக்கே வந்து நின்றார். அது பிடிவாதமில்லை, பயம். "ஒரு வாரங்கூட ஆகல தாயி இவளக் கூட்டியாந்து. இவ அப்பன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார். உன் அத்தை உன்னை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எங்க அய்யாட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம். தான் ஆகாது என்று ஆகிவிட்ட பிறகு, மாமா வாசற்படியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா உள்ளேயிருந்து, "தாய்மாமனை வரச் சொல்லுங்க" என்றார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிவிட்டு, வாய் அகன்ற ஒரு கண்ணாடிக் குடுவையை அவர் கையில் கொடுத்தார். அடியில் தண்ணீர்போல ஏதோ மருந்து இருந்தது. "உங்க வீட்டுக்காரம்மா ரத்தம் இதுல விழும். விழ விழ நீங்க மெதுவாச் சுத்திக்கிட்டே இருக்கணும். குலுக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா உறைஞ்சிடும், உறைஞ்சா அவ கொடுத்தது அத்தனையும் வீண். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. இது உங்க பொறுப்பு" என்றார்.

கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். உன் அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். குழாய் வழியாக ரத்தம் சன்னமாக இறங்கியது. மம்பட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெரிய கைகளுக்குள் குடுவை சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து முகத்துத் துணி நனைந்தது, துடைக்கக் கை இல்லை. அப்புறம் ஒருநாள் என்னிடம் சொன்னார். "சூடா இருந்துச்சு மாப்ள. ஆட்டுக்குட்டியப் பொறந்ததும் கையில வாங்குனா இருக்குமே, அந்தச் சூடு." டாக்டரம்மா அதை மெல்லிய துணியில் வடிகட்டி, மேலே தொங்கவிட்ட பாத்திரத்தில் ஊற்றி, உன் அம்மாவின் முழங்கை நரம்பில் இறக்கினார். ஒரு பொட்டுக்கூட உறைந்திருக்கவில்லை.

எனக்கு உள்ளே போக அனுமதி கொடுத்தார்கள். வெள்ளைத் துணிபோல இருந்த உன் அம்மாவின் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சந்தேகமாக ஒரு நிறம். பிறகு சந்தேகமில்லாமல் சிவப்பு. உதட்டிலும் அப்படியே ஏறியது. எத்தனையோ கோயிலில் கும்பிட்டிருக்கிறேன் மகனே, சாமியை நேரில் பார்த்த மாதிரி எனக்கு ஒரே ஒரு தடவைதான் இருந்திருக்கிறது, அது அந்த நகக்கண்ணில்தான்.

அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மாமா புளியமரத்தடியில் தனியாகக் குத்த வைத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நான் படியில் நிற்கிறேன், புருஷன். டாக்டரம்மா என்னைத் தாண்டிக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். "உங்க தங்கச்சி கண்ணு முழிச்சுட்டா. தண்ணி கேட்டா" என்று மாமாவிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவரிடம் ஏன் முதலில் சொன்னீர்கள் என்று கேட்டுக்கூட விட்டேன். "நீங்க கூட நின்னீங்க, பாத்தீங்க. அவரை வேண்டாம்னு சொல்லி நிறுத்தி வச்சோம். அவருக்குத்தான் முதல்ல தெரியணும்" என்றார்.

ஊரில் கொஞ்ச நாள் ஒரு வேடிக்கைப் பேச்சு நடந்தது. அத்தை ரத்தம் அம்மா உடம்பில் ஓடுவதால் மாமன் மகளை நீ கட்டக்கூடாது, தங்கை முறையாகிவிடும் என்று சில பெரிய மனிதர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு அப்போது மகளே பிறக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, ஏற்றிய ரத்தம் சில மாசத்தில் தானே அழிந்துபோகும், அதற்குள் உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்றார். அதைக் கேட்டு முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசிக்க யோசிக்க அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. அவள் கொடுத்தது இவளிடம் தங்கவில்லை, இவளைத் தங்க வைத்துவிட்டுப் போய்விட்டது. கல்யாண விஷயம் உன் பாடு, உன் அம்மா பாடு. நான் அதில் தலையிடவில்லை.

ஆகையால் மகனே, முடியாது என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதே. இரக்கப்பட்டு அன்றைக்கு அந்த அம்மா மாமாவின் கையை முதலிலேயே பிடித்திருந்தால், உன் அம்மா இன்று எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்க மாட்டாள். கையை நீட்டி வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதுதான், உள்ளே படுத்திருக்கிறவனுக்கு நீ காட்டுகிற இரக்கம். ஆனால் யாரிடமும் உன் ரத்தம் கெட்டது என்று சொல்லிவிடாதே. அவசரம் என்றாலும் முகத்தைப் பார்த்துச் சொல். ஏன் என்று கேட்டால் மைக்ராஸ்கோப்பைக் காட்டு, பார்க்க அவர்களுக்கும் கண் இருக்கிறது.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது உன் மாமா தேவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். உன் கடிதத்தையும் என் பதிலையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கதை வெளியே வந்துவிட்டதே என்று சங்கடப்படுவாரோ என்று பயந்தேன். உன் அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"மாப்ள, அந்தத் தம்பிக்காரன் பொழைச்சானா?"

நான் உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அண்ணன் உன் காலில் விழுந்தது இருக்கிறது. உனக்குத் தூக்கம் வராதது இருக்கிறது. வேலையை விடுகிற யோசனை ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அது இல்லை.

"எழுதலையே மச்சான்" என்றேன்.

"சரி, அந்த அண்ணங்காரனுக்காச்சும் யாராவது போய்ச் சொன்னாகளாமா?" என்றார்.

அதுவும் இல்லை. உன் மாமா காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தம்பி வேறு யார் ரத்தத்திலாவது பிழைத்துக் கிடக்கிறானா, இல்லை போய்விட்டானா? அந்த அண்ணன் இந்நேரம் எங்கே, எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்? வேலையில் இருப்பதா விடுவதா என்பதை நாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் வார்டுக்குப் போ.

அப்பா